கச்சேரிக்கு மறுநாள் சூளை இறக்கம்

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலில் பாட்டுக் கச்சேரி வைப்பது என்று முடிவானபோது, விருத்தாசலத்தில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் இருந்திருக்க மாட்டான். வருகிற குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் என் மனைவியின் தம்பி. அதுவரை ஸ்ரீமுஷ்ணம், திட்டக்குடி என்று வெளியூர் மேடைகளிலேயே வாசித்துக்கொண்டிருந்த மச்சான், சொந்த அக்காள் குடியிருக்கிற தெருவில் ஏறப்போவது அதுதான் முதல் தடவை. சேதியைச் சொல்ல வந்தவன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

"மாமா, மொத வரிசைல ரெண்டு சேரு சொல்லி வச்சிட்டேன். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் எதுர்ல. நா அடிக்கிற அடி ஒங்க நெஞ்சுல வந்து வுழும் பாருங்க."

எனக்கு அப்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் உட்காருகிற ஆள் நான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. ஆனால் பாட்டு என்றால் அது வேறு. முதல் வரிசை என்ன, மேடையிலேயே பாய் விரித்துக் கொடுத்தாலும் உட்கார்ந்துவிடுவேன் போல அன்றைக்கு ஆசை பொங்கியது.

கச்சேரி நெருங்கிய நேரத்தில்தான் வேலை செய்யும் பட்டறையில் மேஸ்திரி அந்தச் செய்தியைச் சொன்னார். சூளை மூட்டியாகிவிட்டது. வெந்து, ஆறி, இறக்குவதற்குக் கச்சேரிக்கு மறுநாள் காலை ஆகும். இறக்கின அன்றே தரம் பிரித்து லாரியில் ஏற்ற வேண்டும்.

தரம் பிரிப்பது என் வேலை. எங்கள் பட்டறையில் பீங்கான் டீக் கோப்பையும் ஊறுகாய் ஜாடியும் செய்தோம். சூளையிலிருந்து வந்த கோப்பையை இடது கை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு, வலது கையில் இருக்கும் சின்ன மரக்குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு தட்ட வேண்டும். நல்ல கோப்பை மணிபோல ணங் என்று சொல்லும். சொல்லி முடித்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்சம் காற்றில் நிற்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் எழுந்த இடத்திலேயே விழுந்துவிடும். அதை நாங்கள் ஊமை என்போம். மேலே பளபளவென்று மெருகு மூடியிருப்பதால் கண்ணால் ஊமையைக் கண்டுபிடிக்க முடியாது. கொதிக்கிற டீயை ஊற்றினால்தான் அது தன்னைக் காட்டும், அதுவும் குடிக்கிறவர் மடியில். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குச் சோறு போட்டது இந்த இரண்டு காதும்தான்.

அதற்கு முந்தின வருஷத் திருவிழாவில் பாக்ஸை ஒட்டி நின்று பாட்டுக் கேட்டேன். மறுநாள் பொழுது முழுக்கக் காதுக்குள் கொய்ங் என்று யாரோ கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டது கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டதுபோல இருந்தது. அன்று பட்டறைக்கு விடுமுறை. வீட்டில் இருந்த கோப்பைகளை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி கேட்டன. இரண்டாம் நாள் காது திரும்பி வந்தது. திரும்பி வராமலே போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற பயம் மட்டும் போகவில்லை.

"இப்ப என்னா செய்யிறது?" என்று மனைவியிடம் கேட்டேன். அவளும் அதே பட்டறையில்தான், மெருகு முக்கும் பிரிவில் வேலை செய்தாள்.

"பின்னால போயி ஒக்காந்து கேளுங்க. பாட்டு அங்க வராதா?"

"ஒன் தம்பி மேடைலேந்து பாப்பானே. சேரு காலியா கெடந்தா மனசு வுட்டுடுவான்."

"அவனுக்காகவா போறீங்க? ஒங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குது, மொத வரிசை மொத வரிசைன்னு."

உண்மைதான். எனக்கு முதல் வரிசையும் வேண்டும், மறுநாள் காதும் வேண்டும். காதை அடைத்துக்கொண்டு போனால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. காதை அடைக்க எதை எடுப்பது? மண்ணிலேயே வேலை செய்கிறவனுக்கு மண்தானே தோன்றும். சாப்பாட்டு இடைவேளையில், கோப்பை வனையும் மேசையிலிருந்து நன்றாகப் பிசைந்த மண்ணில் ஒரு துளி கிள்ளி, மெல்லிய துணியில் சுற்றி, காதுக்குள் அமுக்கிக்கொண்டேன். உலகமே அமைதியாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன். மண் காய்ந்தால் சுருங்கும் என்று பட்டறைக்குள் நடக்கிற கோழிக்குக்கூடத் தெரியும். எனக்கு அந்த நேரம் மறந்துவிட்டது. வெயில் காற்றில் ஓரம் காய்ந்து, இடது காதுக்காரன் நழுவி என் மோர்ச் சோற்றில் விழுந்தான்.

எதிரே என் மனைவியோடு உட்கார்ந்திருந்த பெண்கள் புரையேறச் சிரித்தார்கள்.

"ஏக்கா, ஒன் வூட்டுக்காரருக்குக் காதுலேந்து கோப்பை வெளையுது பாரு. அதையும் சூளைல அடுக்கச் சொல்லு."

நான் எழுந்து கை கழுவப் போனவன், மணி அடிக்கும்வரை திரும்பவில்லை.

அடுத்தது வெறும் பஞ்சு. அதைச் சோதிக்க எங்களிடம் நல்ல இடம் இருந்தது. மண்ணையும் கல்லையும் போட்டு அரைக்கிற பெரிய உருளை மில் ஒன்று கொட்டகையின் கோடியில் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே கூழாங்கற்கள் உருண்டு உருண்டு போடுகிற கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவதுதான் தெரியும். தரம் பிரிக்கிற நாளில் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். பஞ்சை வைத்துக்கொண்டு மில் அருகே போய் நின்றேன். சத்தம் பஞ்சை லட்சியமே செய்யாமல் நேராக உள்ளே வந்தது.

வழி கண்டுபிடித்தது மனைவி. அவள் பிரிவில் கோப்பையின் அடி வட்டத்தை முதலில் உருக்கிய மெழுகில் தொட்டு எடுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் மெருகு ஒட்டாது. அதனால் சூளைக்குள் கோப்பை, அது நிற்கிற தட்டோடு ஒட்டிக்கொள்ளாது. அந்த மெழுகில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பஞ்சோடு சேர்த்து உள்ளங்கையில் உருட்டினாள். உருண்டை சப்பாத்தி மாவுபோல இளகியது.

"ரொம்ப உள்ள தள்ளாதீங்க. பாதி வெளிய நிக்கணும், புடிச்சி எடுக்க."

மறுநாள் மில் அருகே போய் நின்றேன். மில் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய்விட்டது. அதாவது ஓடுவது தெரிகிறது, ஆனால் எங்கேயோ ஓடுகிறது. அதைவிட ஆச்சரியம், மேஸ்திரி பக்கத்தில் வந்து திட்டியது தெளிவாகக் கேட்டது. "வேல நேரத்துல மில்லுகிட்ட என்னாய்யா சிரிச்சிக்கிட்டு நிக்கிற?"

கச்சேரி அன்று பொழுது சாயும் முன்பே தெரு நிரம்பிவிட்டது. மேடையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பாக்ஸ்களை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். எங்கள் நாற்காலிகள் இடது அடுக்குக்கு நேர் எதிரே. மனைவி உருண்டைகளை வைத்துக்கொண்டு, வெளியே தெரியாமல் கூந்தலை இழுத்துக் காதை மூடிவிட்டாள், மேலே மல்லிகைப்பூ. எனக்கு அந்த வசதி இல்லை. துண்டைத் தலையில் சுற்றிக் காதுவரை இறக்கிவிட்டேன். சித்திரைப் புழுக்கத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவன் தெருவிலேயே நான் ஒருவன்தான்.

முதல் அடி விழுந்தது. மச்சான் சொன்னது பொய்யில்லை. சட்டை படபடத்தது, பிளாஸ்டிக் நாற்காலி தொடைக்குக் கீழே நடுங்கியது, அடி நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. ஆனால் காது வலிக்கவில்லை. முந்தின வருஷம் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகக் கேட்ட இடத்தில், இப்போது தபேலா தனியாக, கீபோர்டு தனியாக, பாடுகிற பெண் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்டது. மேடையில் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு குச்சிகளைச் சுழற்றினான். என் கை தன்பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டது. பின்னால் யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே எனக்கு இல்லை. ஒரு பாட்டு முடிந்தபோது எல்லாரையும்விட முதலில் கைதட்டியது நான்தான் என்று மனைவி பிறகு சொன்னாள்.

சூட்டில் மெழுகு உருகும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. துண்டுக்குள் வியர்வை வழிய வழிய, இடது காது உருண்டை மெல்ல இளகி, ஆட்டம் உச்சத்துக்குப் போன பாட்டில் நழுவிக் கீழே விழுந்தது. இருட்டில், நாற்காலிக் கால்களுக்கு நடுவே அதைத் தேட வழியில்லை. மேடை நடுவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்ததால், பாக்ஸ் இருந்த பக்கமும் அதே இடது பக்கம்தான். ஆணி இறக்கியதுபோல இருந்தது. சட்டென்று விரலால் காதைப் பொத்திக்கொண்டேன். அந்த நொடியில்தான் மச்சான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

விரலை எடுக்கலாம் என்று நினைத்தேன். இந்த ஒரு பாட்டுத்தானே என்று தோன்றியது. கூடவே சூளையும், அதற்குள் ஆறிக்கொண்டிருந்த கோப்பைகளும் ஞாபகம் வந்தன. மனைவி என் முழங்கையைத் தள்ளினாள்.

"எழுந்து போங்க. நா ஒக்காந்திருக்கேன்."

மேடை வெளிச்சம் முழுக்க முதல் வரிசையில்தான் விழுந்தது. அதன் குறுக்கே, தலையில் துண்டும் காதில் விரலுமாக, அத்தனை ஜனமும் பார்க்க நடந்தேன். யாரோ ஒருவர், "இன்னாப்பா, பாட்டு புடிக்கலியா?" என்று கேட்டார். அதற்காக நான் ஓடவில்லை. தெருக் கோடியில் ஐஸ் வண்டிக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே பாட்டு இதமாக வந்தது. விரலை எடுத்துவிட்டு, கடைசிப் பாட்டுவரை நின்றே கேட்டேன். தாளமும் விடாமல் போட்டேன், இந்தத் தடவை ஐஸ் பெட்டியின் மேல்.

காலையில் சூளைக் கதவைப் பிரித்து, வெதுவெதுப்பான கோப்பைகளை என் முன்னால் அடுக்கினார்கள். முதல் கோப்பையை விரல் நுனியில் ஏந்தினேன். தட்டினேன். ணங். சத்தம் எழுந்து, நின்று, மெல்லக் கரைந்ததை முழுசாகக் கேட்டேன். இடது காதில் மட்டும் ஒரு நூல்போலக் கொய்ங் இருந்தது. வலது காதைச் சாய்த்துக்கொண்டு அடுத்தது, அதற்கடுத்தது என்று தட்டினேன். ஒன்று டொக் என்று விழுந்தது. ஊமை. அந்த ஊமையைக் கேட்டதில் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மேஸ்திரியே திகைத்துவிட்டார்.

"ஒடஞ்ச கோப்பைக்கு இளிக்கிறவன இன்னிக்குத்தான்யா பாக்குறேன்."

மச்சான் அப்போதுதான் வந்தான். முகம் வீங்கியிருந்தது. எதிரே இருந்த காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தான்.

"நாலு பேரு பாக்கக் காதப் பொத்திக்கிட்டு எழுந்து போனீங்களே மாமா. அவ்ளோ கேவலமாவா அடிச்சேன்?"

எனக்குப் பேச்சில் விளக்கத் தெரியாது. ஒரு நல்ல கோப்பையையும் ஓர் ஊமையையும் எடுத்து, அவன் காதருகே ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினேன். "ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

"என்னா வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதான்."

மறுபடி தட்டினேன். உதட்டைப் பிதுக்கினான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தவன், சூளை இறக்குகிற பெண் ஒருத்தி நடந்துகொண்டே, "ஒண்ணு ஊமைண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கொய்ங்குன்னு இருக்குதா?" என்று கேட்டேன்.

"அது கச்சேரி அடிச்சா மறுநாளு எப்பவும் இருக்குறதுதான மாமா. எல்லாருக்கும் இருக்கும்."

"எத்தினி நாளு இருக்கும்?"

"முன்னல்லாம் காத்தால போயிடும். இப்ப..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். பெட்டியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தரம் தட்டுங்க" என்றான்.

நான் எழுந்து போன காரணத்தை அவன் அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. நான் வேலையைப் பார்த்துக்கொண்டே நடுநடுவில் அந்த இரண்டையும் அவனுக்குத் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மேடையில் மூடுகிற மாதிரி இல்லை, பரீட்சையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "சாப்புட வாடா" என்றாள். தலையை ஆட்டி அனுப்பிவிட்டான்.

வெயில் தாழ்ந்து, லாரியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது அவனாகவே, "மாமா, கையக் காட்டாம தட்டுங்க" என்றான். முதுகுக்குப் பின்னால் வைத்து ஒன்றைத் தட்டினேன்.

மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தான். "இது நிக்கிது," என்றான்.

மற்றதைத் தட்டினேன்.

"வுழுந்துட்டுது. இது ஊமை. இது ஊமை மாமா."

என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டான். தரம் பிரித்து வைத்திருந்த நல்ல கோப்பைகளை ஒவ்வொன்றாக ஏந்தித் தட்டி, ஒவ்வொரு சத்தமும் முழுசாகக் கரையும்வரை காத்திருந்து கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் காத்திருப்பதை விட்டுவிட்டு, வரிசையாகத் தாளம் கட்டி அடிக்க ஆரம்பித்துவிட்டான். லாரியில் ஏறியிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோவ், ஒன் மச்சான இட்டுக்கிட்டுப் போய்யா," என்று மேஸ்திரி கத்தினார். "கச்சேரி நேத்தே முடிஞ்சிட்டுது."