மாண்ட்ரியல் சனிக்கிழமைகளும் ஒரு கல்யாணக் கொப்பியும்

அக்கா மகள் அடுத்த மாதம் ஓராண்டு வேலைக்காக மாண்ட்ரியல் போகிறாள். “மாமா, நீங்க அங்க இருந்தவர்தானே, லீவு நாள்ல என்ன பண்றதுன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்க” என்று கேட்டாள். அவளுக்கு எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் கட்டுரை. நான் அங்கே இருந்தது 1996 நவம்பரிலிருந்து 1997 மே வரை. திருச்சியில் நான் வேலை பார்த்த வால்வு கம்பெனி வரைபடங்களைச் சரிபார்க்க என்னை அனுப்பியது. இதில் வரும் விலையெல்லாம் அந்தக் காலத்து விலை. குளிர் மட்டும் அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆபீசும் தங்கிய அறையும் நகரத்துக்கு மேற்கே புவாண்ட்-கிளேரில். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஆபீஸ் பூட்டினால் திங்கட்கிழமை வரை என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். முதல் ஐந்து வாரமும் அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன ஊறுகாயைத் தீர்த்தேன். கனடா போய் என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒரு சுவர் என்று சொல்லியிருப்பேன்.

ஆறாவது வாரம் பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்று, பஸ்ஸையும் அதை ஓட்டுபவரையும் என்னை அனுப்பிய கம்பெனியையும் தமிழில் வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் கழுத்துத்துணிக்குள் முகத்தைப் புதைத்து நின்றவர், “இந்தியாவோ?” என்றார். பின்னால் இருந்த கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை அவருக்கு. பெயர் குகதாசன், யாழ்ப்பாணத்துக்காரர், வயது நாற்பத்தைந்து. எல்லோரும் அண்ணை என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அவர் வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில். புவாண்ட்-கிளேரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம், பிறகு மெட்ரோவில் ஆரஞ்சுக் கோடு, ஸ்நோடனில் இறங்கி நீலக் கோடு, அக்காடி ஸ்டேஷன். பஸ் ஏறும்போதே மாறும் சீட்டு கேட்டு வாங்கிக்கொண்டால் மெட்ரோவுக்குத் தனியாகக் காசு வேண்டாம். இது தெரியாமல் நான் ஒரு மாதம் இரண்டு தடவை கொடுத்தேன். அண்ணை கேட்டுச் சிரித்தார்.

அந்த ஊரில் பைசா செலவில்லாமல் பொழுதைப் போக்க எத்தனை வழி இருக்கிறது என்று காட்டியவர் அவர்தான். நகராட்சி நீச்சல் குளம் குறிப்பிட்ட நேரங்களில் இலவசம். தலைக்குத் தொப்பி கட்டாயம், முதலில் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், துவைத்த வேட்டியே ஆனாலும் விடமாட்டார்கள் (ஒருவர் முயன்றார், நான் அல்ல). நூலக அட்டைக்கு வீட்டு முகவரியுள்ள ஒரு காகிதம் போதும். பூங்காவில் தண்ணீர் விட்டு உறையவைத்து சறுக்கும் தளம் ஆக்குவார்கள், சறுக்குகிற சப்பாத்துக்கு (நம் ஷூதான்) வாடகை ஐந்து டாலர். நான் விழுந்த விழுகைக்கு ஐந்து டாலர் அதிகம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் புதன் மாலை பிரெஞ்சு வகுப்பு, சூடான சூப்போடு. சூப்புக்காகப் போய் மூன்று வாக்கியம் கற்றேன்.

ஆனால் அங்கேயிருந்த நம் ஆட்களுக்கு உண்மையான பொழுதுபோக்கு வேறு. மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வீடியோ கேசட் அலமாரி. கேசட்டை அவர்கள் கொப்பி என்பார்கள். சினிமாக் கொப்பி இரண்டு டாலர் வாடகை. அதற்குக் கீழ்த்தட்டில் பெயர் ஒட்டாத கேசட்டுகள் இருந்தன. ஊரில் நடந்த கல்யாணம், செத்த வீடு, பெண் பெரியவளானால் செய்யும் சாமத்தியச் சடங்கு, எல்லாவற்றையும் படம்பிடித்து வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வரும் கேசட் கனடா மெஷினில் ஓடாது. பதினைந்து டாலர் கொடுத்து மாற்றிக் கொப்பி போட வேண்டும். அந்தக் கொப்பிக்கு ஒரு கொப்பி, அதற்கு இன்னொன்று என்று வீடு வீடாகச் சுற்றும்.

“என்னண்ணே, முன்னப்பின்ன தெரியாதவங்க கல்யாணத்தை மூணு மணி நேரமா பாக்கறது?” என்று கேட்டுவிட்டேன்.

“மாப்பிளை பொம்பிளையை ஆர் பாக்கிறது முரளி? நாங்கள் சனத்தை எல்லோ பாக்கிறனாங்கள்,” என்றார் அண்ணை.

அவருடைய அம்மா தொலைக்காட்சிக்கு ஒரு முழத் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சீனி வருத்தம் என்று அவர்கள் சொல்லும் சர்க்கரை நோயால் கண் பாதிக்கு மேல் போய்விட்டது. அண்ணையின் மனைவிக்குச் சனி ஞாயிறுகளில் ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை, அதனால் சனிக்கிழமைகளில் வீட்டில் இவர்கள் இருவர்தான். சுவரில் ஓர் இளைஞனின் படம். அண்ணையின் தம்பி நந்தன். 95 அக்டோபரில் சண்டை நெருங்கி, யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறியபோது அவனும் வெளியேறினான், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கடிதம் இல்லை, ஆள் மூலம் சொல்லி அனுப்பவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரிலிருந்து எந்தக் கொப்பி வந்தாலும் அண்ணை வாங்கிவந்து, கூட்டத்தில் தம்பி நிற்கிறானா என்று பார்ப்பார். படம் முடிகிறவரை அம்மா நாலைந்து தடவை கேட்பார்.

“நந்தன் நிக்கிறானோ?”

“இல்லை அம்மா.”

அன்றிலிருந்து நானும் சனிக்கிழமை தவறாமல் போனேன். சுவரில் இருந்த முகத்தைப் பாடம் செய்துகொண்டேன். இரண்டு கண்ணுக்கு நாலு கண் மேல் அல்லவா. வெளியே மைனஸ் இருபது, உள்ளே யாரோ ஒருவர் வீட்டு நாதஸ்வரம். சினிமாவைவிடப் பயமாக இருக்கும். செத்த வீட்டுக் கொப்பி என்றால் அண்ணை முதலில் பெட்டிக்குள் இருப்பது யார் என்று தெரிந்துகொண்டுதான் அம்மாவைக் கூப்பிடுவார்.

மார்ச் முதல் சனிக்கிழமை ஆற்றின் தென்கரையில் இருக்கும் புரோசார்டுக்குப் போனோம். அங்கே சுகந்தி என்பவரின் தங்கைக்கு வவுனியாவில் தை மாதம் கல்யாணம் ஆகியிருந்தது, கொப்பி அப்போதுதான் வந்திருந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை, வேண்டுமானால் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றாராம். அம்மாவை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொன்னேன். அண்ணை பதில் சொல்வதற்குள் அம்மா கோட்டுக்குள் ஒரு கையை விட்டிருந்தார்.

வழி இது: அக்காடியிலிருந்து மெட்ரோவில் பொனவெஞ்சர், அங்கிருந்து தென்கரை பஸ். மெட்ரோச் சீட்டு அதில் செல்லாது, தனிக் காசு, சில்லறையாகவே வேண்டும், ஓட்டுநர் பாக்கி தரமாட்டார். ஒரு மணிக்குக் கிளம்பி இரண்டே காலுக்குச் சேர்ந்தோம். பாலத்தின் கீழே ஆறு பாதி உறைந்து கிடந்தது. அம்மா வாழைப்பழச் சீப்பு ஒன்றை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

சுகந்தி எங்களை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கொப்பியைப் போட்டார். தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாத அக்கா அவர். தாலி கட்டும் இடத்தில் அழுதார். அந்தப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. காமிரா கனடாவுக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் கிட்டே வந்தால் நிமிர்ந்து நின்று முகம் காட்டுவார்கள். “கனடாப் பெரியம்மாக்கு டாட்டா காட்டு” என்று ஒரு குழந்தையை யாரோ தூக்கிக் காட்டினார்கள். கூட்டத்தில் நந்தன் இல்லை. பந்தி வந்தது. இலை, சோறு, குனிந்த தலைகள். சுகந்தி ரிமோட்டை எடுத்து வேகமாக ஓட்டினார்.

“சாப்பாட்டைப் பாத்து என்ன செய்யிறது,” என்றார்.

“பிள்ளை, ஓட விடாதையும்,” என்றார் அண்ணை. குரல் மாறியிருந்தது. “கொஞ்சம் பின்னுக்கு விடும்.”

காமிரா பந்தியின் ஒரு முனையிலிருந்து மெதுவாக வந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ இலை. கழுத்து நீண்டு, கன்னம் ஒட்டிப்போய், ஆனால் அதே முகம். நானே கண்டுகொண்டேன். அண்ணை எழுந்து போய்த் தொலைக்காட்சியைத் தொட்டுக்கொண்டு நின்றார். “நந்தன், நந்தன்,” என்று இரண்டு தடவை சொன்னார். சுகந்தி படத்தை நிறுத்தினார்.

“எங்கை? எங்கையடா?” என்றார் அம்மா. அண்ணை அவர் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அந்த முகத்தின் மேல் வைத்தார். நிறுத்திய படம் கோடு கோடாக நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா விரலை எடுக்கவில்லை. மூன்று மாதம் தெரியாத கூட்டங்களில் தேடிய முகம், உயிரோடு, சோற்றுக்கு முன்னால். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, சிரித்தும் விட்டேன்.

“விடும் பிள்ளை, பாப்பம்,” என்றார் அண்ணை. படம் ஓடியது. நந்தன் நிமிர்ந்தான், காமிராவைக் கண்டான், சட்டென்று தலை குனிந்து இலையில் இருந்த சோற்றை அள்ளினான். இடது கையால்.

கொப்பி போடும்போது படம் இடம் வலம் மாறிவிட்டதோ என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். பக்கத்து இலைக்காரர் வலது கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதற்கு அடுத்தவரும். நந்தனின் வலது தோளில் சால்வை மடித்துப் போட்டு மடிவரை தொங்கியது. அதற்குள் ஒன்றும் இல்லை. கல்யாணப் பந்தியில் இடது கையால் சோறு அள்ளும் தமிழனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன செய்யிறான்?” என்றார் அம்மா.

“சாப்பிடுறான் அம்மா.”

“வடிவாச் சாப்பிடுறானோ?”

“ஓம் அம்மா. வடிவாச் சாப்பிடுறான்,” என்றார் அண்ணை. காமிரா அடுத்த இலைக்குப் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா எங்களுக்கு முன் இருக்கையில் இருந்து, அருகில் இருந்த சீனப் பெண்மணியிடம் மகன் கிடைத்த கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளும் தலையாட்டினார். அண்ணை சன்னலைப் பார்த்தபடி மெல்லிய குரலில் பேசினார்.

“உசிரோட இருக்கிறானோ எண்டு மட்டும்தான் முரளி இவ்வளவு நாளும் பாத்தன். வேற ஒண்டையும் பாக்கவேணும் எண்டு எனக்குத் தெரியேல்லை.” பிறகு, “அம்மாக்குச் சொல்லாதையுங்கோ,” என்றார்.

கையில்லாத வாலிபன் அந்த நாளில் அங்கே ஓர் இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் என்னென்ன கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். சண்டை போட்டுக் கை போனவனா, வீட்டில் ஷெல் விழுந்து போனவனா என்று யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். படத்தில் முகம் விழாமல் இருக்க அவன் குனிந்தானா, கை போனது வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று குனிந்தானா என்பது அவருக்கும் தெரியவில்லை. ஆற்றாமையில் எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

இனி அங்கே போகிறவர்களுக்கு. முழங்கால் வரை வரும் சப்பாத்தை இங்கே வாங்காதீர்கள், அங்கேயே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக இருக்காதீர்கள், குளத்துக்காவது போங்கள். பிரெஞ்சு வராவிட்டாலும் கடைக்குள் நுழையும்போது ‘போன்ஜூர்’ சொல்லிவிடுங்கள், பாதி வேலை நடக்கும். யாராவது தெரியாத கல்யாணத்தைப் பார்க்கக் கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் போங்கள். ஊருக்குப் பேச மளிகைக் கடையில் தொலைபேசி அட்டை கிடைக்கும். இருபது டாலர் அட்டையில் இலங்கைக்கு இருபது நிமிடம் என்று போட்டிருக்கும், பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

நான் கிளம்புவதற்கு முந்திய சனிக்கிழமை அப்படி ஓர் அட்டையோடுதான் அண்ணை உட்கார்ந்திருந்தார். சுகந்தியின் வீட்டார் நந்தனைத் தேடிப் பிடித்து, வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏழாவது முயற்சியில் கிடைத்தது. அண்ணை ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. சாப்பாடு எப்படி, எங்கே தங்கியிருக்கிறாய், காசு அனுப்புகிறேன், கொழும்புக்கு வர வழி பார்ப்போம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அங்கிருந்து அவன் ஏதோ கேட்டான்.

“இல்லையடா. அந்தக் கலியாணக் கொப்பி இன்னும் இஞ்சை வரேல்லை,” என்றார்.

பக்கத்தில் இருந்த அம்மா ரிசீவரைப் பறித்தார். “உன்ரை அண்ணை பொய் சொல்லுறான் அப்பு. நாங்கள் பாத்தனாங்கள். நீ பந்தியிலை இருந்து சாப்பிட்டதைப் பாத்தனாங்கள். நல்ல வடிவாச் சாப்பிட்டனியாம், கொண்ணை சொன்னவன்.”

பிறகு அம்மா வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கிருந்து பேச்சு வரவில்லை. அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“ஏனடா அழுறான்?”

“சந்தோசத்திலை அம்மா,” என்றார் அண்ணை.