வாசல் பல்பும் நத்தார் பூவும்

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு முந்தின நாள், எங்கள் வாசலில் ஒரு குச்சியை ஊன்றினாள். தோட்டத்துத் தொரை பங்களா வேலியில் ஒடித்தது. மார்கழியில், கிறிஸ்மஸ் நேரத்தில், உச்சி இலையெல்லாம் ரத்தச் சிவப்பாகும் நத்தார் பூச்செடி.

"நாம என்ன வேதக்காரங்களா?" என்று அம்மா முறைத்தாள்.

"செவப்பு எல்லாருக்குந்தாம்மா செவப்பு. ரெண்டு வருசம். இது செவக்குறப்ப நா வாசல்ல வந்து நிப்பேன்."

புளத்கொகுபிட்டிய டவுனுக்கு மேலே, ரப்பர் மலையில், ஒரே கூரைக்குக் கீழே காம்பரா காம்பராவாக எங்கள் லயம். அக்கா போன கையோடு அங்கே கரண்ட் வந்தது. நான் பள்ளிக்கூடச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல பல்பு எனக்குத்தான் என்று நினைத்தேன். அம்மா அதை வாசலுக்கு மேலே மாட்டி, விடிய விடிய எரியவிட்டாள்.

"எல்லாக் காம்பராவும் ஒரே மாதிரி இருக்கு. இருட்டுல வந்தான்னா எந்த வாசல்னு தேடுவா?"

"பொறந்து வளந்த வீடும்மா!" என்று கத்தினேன். யார் கேட்டது?

செடி என் தோளுக்கு வளர்ந்தது. அக்கா சொன்ன மார்கழியும் வந்தது. பங்களா வேலி பற்றி எரிவதுபோல் நிற்க, எங்கள் வாசலில் வெறும் பச்சை. எனக்கு வந்ததே கோபம்! லயத்து வாசல் என்றால் செடிக்கும் இளக்காரமா? அம்மா சாணி கரைத்து ஊற்றினாள், கும்பிட்டுக்கூடப் பார்த்தாள். டவுனில் முஸ்லிம் நானாவின் கடைக்கு அக்காவின் போன் வந்தது. குவைத் வீட்டு அம்மா இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறாளாம்.

"செடி செவக்கல. அதான் அவ வரல" என்றாள் அம்மா.

"அது செடியா, ஆள் அனுப்புற ஏஜென்சியாம்மா?"

அடுத்த மார்கழியில், விறகுக் கொட்டில் சுவரின் நிழல் விழும் பக்கத்தில் ஒரே ஒரு கிளை சிவந்தது. பல்பு வெளிச்சம் பட்ட பக்கமெல்லாம் பச்சை. அம்மா பல்பைப் பார்த்தாள், கிளையைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, ராவெல்லாம் வெளக்கெரிச்சு அத கண்ணு மூடவே விடலியேடி நானு!"

அதன் பிறகு ஐப்பசி பிறந்தால் வாசல் பல்பு எரியாது. "தடவிக்கிட்டாவது வந்துருவா" என்று அவளே சுவிட்சை அமர்த்துவாள்.

மறு வருஷ மார்கழியில் செடி முழுக்கச் சிவந்தது. லயமே வந்து வேடிக்கை பார்த்தது. செடியைக் கேலி செய்த நானும் நம்பிவிட்டேன். வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டால் போதும், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவேன். அக்கா இல்லாமல் அந்த வாசல் எனக்கு வாசலாகவே இல்லை. மார்கழி போனது, பொங்கலும் போனது. அவள் வரவில்லை.

மறுபடி நானா கடைக்குப் போன் வந்தது. இன்னும் விடமாட்டோம் என்கிறார்களாம். ரிசீவரில் அக்காவின் அழுகை எனக்கே கேட்டது.

"அம்மா, நம்ம செடி செவந்துருச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இல்லடி தங்கம். இன்னும் பச்சையாத்தான் இருக்கு. நீ மெதுவா வா."