மணியக்கா போட்ட நிழல் கோடு

எங்கே போனாலும் பெரியம்மா உடனே உட்கார மாட்டாள். பஸ் ஸ்டாப்போ, ஆஸ்பத்திரி வாசலோ, முதலில் நிழல் எங்கே முடிகிறது என்று பார்ப்பாள். பிறகு அது எந்தப் பக்கம் நகரும் என்று பார்ப்பாள். "இங்க வேணாம், எழுந்திரு. அரை மணியில வெயில் உன் மடியில வந்து உக்காந்துக்கும்" என்று என்னைக் கிளப்புவாள். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்த இடம் தகதகவென்று இருக்கும். மற்றவர்கள் முந்தானையில் சில்லறை முடிந்து வைத்திருப்பார்கள். அவள் ஒரு சாக்பீஸ் துண்டு முடிந்து வைத்திருந்தாள்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. பெருக்குவதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் மணி அடிப்பதும் அவள் வேலை. பிள்ளைகளுக்கு அவள் மணியக்கா. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆனால் நிழல் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அந்தப் படிப்பு அவளுக்கு எப்படி வந்தது என்பதுதான் கதை.

அவளுடைய மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பத்து வயதில் அக்கா ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது உடம்பில் இருக்கும்வரை வெயில் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும் என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். ஒரு நாள் அந்த மாத்திரையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு, எடுக்கத் திரும்பி ஓடியதில் பள்ளிக்கு எட்டு நிமிடம் தாமதம். தாமதமாக வந்தால் மூன்றாம் பீரியட் மணி அடிக்கும்வரை மைதானத்தில் நிற்க வேண்டும். தாளாளர் போட்ட சட்டம். அக்கா கடிதத்தை நீட்டினாள். டிரில் மாஸ்டர் அதைத் தாளாளரிடம் கொண்டுபோனார். அவர் வராந்தா நிழலில் நின்றபடி மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை.

"வெயில் பட்டா என்ன, தேஞ்சா போயிடுவா? நாங்கல்லாம் நிக்காத வெயிலா? ஆயா பொண்ணுக்கு இது ஒரு சொகுசு."

பெரியம்மா மணிக்குப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சுத்தியல் இருந்தது. அரை மணி முன்னதாக அடித்திருந்தால் அக்கா நிழலுக்கு வந்திருப்பாள். வேலை போய்விடும் என்ற பயம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, சரியான நேரத்துக்கு அடித்தாள்.

சாயங்காலம் அக்காவின் கன்னத்திலும் கழுத்திலும் கொப்புளம். ஆறிய பிறகு தோல் திட்டுத் திட்டாகக் கறுத்தது. வகுப்பில் அவளுக்குக் 'கருகின தோசை' என்று பேர் வைத்தார்கள். அடுத்த வருடம் படிப்பை நிறுத்திவிட்டாள். இப்போது ஒரு துணிக் கம்பெனியில் பட்டன் தைக்கிறாள். வெளியே கிளம்பினால் கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றிக்கொள்வாள்.

பெரியம்மா வேலையை விடவில்லை. "போயிட்டா அந்தாளுக்கு நிம்மதி. நான் அவன் கண்ணு முன்னாலயே இருக்கணும்" என்றாள். அன்றிலிருந்துதான் சாக்பீஸ். மணி அடித்ததும் மைதானத்துக்குப் போவாள், கட்டிடத்து நிழலின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போடுவாள். அடுத்த மணிக்கு இன்னொரு கோடு. சாயங்காலம் அவளே பெருக்கிவிடுவாள். மணியக்காவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று டீச்சர்கள் பேசிக்கொண்டார்கள். என் ஜாமெட்ரி பாக்ஸில் சாக்பீஸ் வைத்து அவளைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒன்பது வருடம் காத்திருந்தாள். ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுகிற பொறுப்பு ஒருமுறை அவளிடம் வந்தது. மைதானத்துக்குக் கிழக்கே கட்டிடம். பிள்ளைகளைச் சுவரை ஒட்டி, அதற்கு முதுகைக் காட்டி உட்காரவைத்தாள். பெரியவர்களின் நாற்காலிகளை எதிரே, நிழலின் கடைசி ஓரத்தில், கட்டிடத்தைப் பார்க்கிற மாதிரி போட்டாள். "போட்டோல முகம் நல்லா விழும்யா" என்றாளாம். தாளாளருக்கு மகிழ்ச்சி. ஒன்பது மணிக்கு எல்லார் மேலும் நிழல். ஒன்பதே முக்காலுக்கு நிழல் அவர் மடியை விட்டு இறங்கியது. கட்டிடத்துக்கு மேலே ஏறிய சூரியன் நேராக அவர் முகத்தில் நின்றது.

பக்கத்தில் பெரிய அதிகாரி. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதிகாரி எழாமல் தாளாளர் எப்படி எழுவார்?

அன்றைக்கு நான் அக்காவோடு வீட்டில் இருந்தேன். போன் வந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பெரியம்மா பேசினாள்.

"அடியே, அந்த வழுக்கையைப் பாக்கணும்டி! தக்காளி தோத்துச்சு. கைக்குட்டைய தலைல போடுறான், காத்து தூக்கிட்டுப் போகுது. திரும்பப் போடுறான், திரும்பவும் போகுது."

அக்கா ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றாள். பெரியம்மா இன்னொரு தரம் சொன்னாள். நானும் ஸ்பீக்கரில் காதை வைத்து, "எரியுதான்னு போய்க் கேளு பெரியம்மா" என்றேன். அரை மணிக்கு மேல் பேசியிருப்போம். இனித்தது. இப்போது நினைத்தாலும் இனிக்கத்தான் செய்கிறது. அது சரியா என்று என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்த அரை மணியில் அதிகாரி கிளம்பிப் போய்விட்டார். தாளாளர் எழுந்து ஒரே ஒரு உத்தரவு போட்டார்: இடத்தை மாற்று. பெரியவர்கள் சுவரோரத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் எதிரே போய் வெயிலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அதன்பிறகு அவர் மைக்கைப் பிடித்தார்.

பெரியம்மா கதவைத் திறந்தபோது முன்வரிசையில் நாலாம் வகுப்பு. அதில் வெளுத்த தோலோடு ஒரு சிறுமி. பூனைக்குட்டி என்று கூப்பிடுவார்கள். கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். புறங்கை இரண்டும் சிவந்திருந்தன. பெரியம்மா ஓடிப்போய் மணியை அடித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் நேரம் தவறி அடித்த முதல் மணி அது. பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள்.

மறுநாள் சாயங்காலம் பூனைக்குட்டியின் அம்மா வீட்டுக்கு வந்தாள். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள்.

"அக்கா, உங்க பொண்ணுக்கும் இப்படி ஆச்சுன்னு சொன்னாங்க. என்ன போட்டீங்க? கை முழுக்கக் கொப்புளமா இருக்கு."

பெரியம்மா உள்ளே போய் அலமாரியைத் துழாவினாள். அக்காவுக்கு டாக்டர் இப்போதும் எழுதித் தருகிற களிம்பு, புது டியூப். "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு. அவரு சரின்னா இதப் போடு" என்று அதைக் கொடுத்தாள். வந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா. நீங்க மணி அடிக்கலன்னா எம்பொண்ணு என்ன ஆயிருப்பா?"

பெரியம்மா கையை விடுவித்துக்கொண்டு, "இருட்டறதுக்குள்ள டாக்டர்கிட்ட போம்மா" என்றாள். நான் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

தாளாளர் அடுத்த மாதமே மைதானத்தில் கூரை போட்டார், பெரியவர்கள் உட்காருகிற இடத்துக்கு மட்டும். அதைப் பார்த்த அன்று பெரியம்மா சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தாள். காலையில் தாளாளர் மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்திப் புத்திமதி சொல்லி முடிக்கும் முன்னே மணி அடித்துவிடும். வாய் திறந்தபடி நிற்பார்.

"என்ன ஆயா, அதுக்குள்ளயா?"

"கடிகாரம் சொல்லுது, நான் அடிக்கிறேன். எனக்கென்னய்யா தெரியும்?"

தான் ஓய்வு பெறும்வரை, ஆறு வருடம், பெரியம்மா அவரை ஒரு பேச்சையும் முடிக்க விடவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன். "பூனைக்குட்டி அம்மாகிட்ட சொல்ல வேணாமா பெரியம்மா?"

"சொல்லணும். அவ கால்ல விழுந்தே சொல்லணும். ஆனா இப்ப சொன்னா ஊர் பூரா பரவும். 'பாத்தீங்களா, பிள்ளைங்களை வேக வெச்சது ஆயாதான்'னு அவன் தப்பிச்சிடுவான். அவன் மொதல்ல போகட்டும். அவன் கட்டை வெந்த மறுநாள் போய்ச் சொல்றேன்."

படித்தவள் நான். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பெரியம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்விட்டாள். தாளாளர் இருக்கிறார். காலையில் குடை பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறார்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் பூனைக்குட்டியைப் பார்த்தேன். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். முழுக்கைச் சட்டை. புறங்கையில் மட்டும் தோல் வேறு நிறமாக இருக்கிறது. "அக்கா, அம்மா இன்னும் உங்க பெரியம்மாவப் பத்திப் பேசுவாங்க. உங்கள ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் வந்துவிடும் போலிருந்தது. தள்ளி உட்காரச் சொன்னேன். "அப்படியே அவங்க மாதிரியே பேசுறீங்க" என்று சிரித்தாள். பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த ஞாயிறு போய்விட்டது. நான் போகவில்லை.