எங்கள் கிணற்றை விசாரித்த பீர்க்கடைக்காரர்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதிவிடுவேன், பாதி மறந்தும் போயிருக்கும். ஆட்களின் பேர்கள் நினைவில் நிற்பதில்லை, நின்றாலும் எழுத எனக்குக் கூச்சம். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இருப்பது திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில். வீட்டை ஒட்டிக் கட்டிவிட்ட அறைகளில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒடிசாப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். தீபாவளிக்குக் கம்பெனிகளை மூடினால் அவர்களும் ரயிலேறிவிடுவார்கள். எந்திரச் சத்தம் நின்று, தெருவே காது அடைத்த மாதிரி ஆகிவிடும். அந்த நாட்களில் நானும் பெங்களூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போவேன். வீட்டுக்காரர் தவறிய பிறகு இதுதான் வழக்கம்.

அங்கே போனால் மாப்பிள்ளை எங்களை வெளியே சாப்பிடக் கூட்டிப்போவார். எத்தனை தடவை போனாலும் அதே இடம்தான். மகள் முதலில் அதை ஓட்டல் என்றுதான் என்னிடம் சொன்னாள். உள்ளே போனால் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளைவிட உயரமாக எவர்சில்வர் கொப்பரைகள். குழாய்கள், மீட்டர்கள், அடியில் ஈரத் தரை.

"என்னங்க மாப்ளை இது, சாயப்பட்டறையாட்ட இருக்குது?"

"இல்லீங்க அத்தை. பீர். இங்கயே காய்ச்சறாங்க."

எங்கள் பக்கம் காய்ச்சுவது என்றால் பள்ளத்துக்குள் ஒளிந்து செய்கிற காரியம். "போலீஸ் வராதுங்களா?" என்று கேட்டேன்.

"வருவாங்க. பக்கத்து டேபிள்ல உக்காந்து குடிச்சுட்டுப் போவாங்க" என்றார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே அடித்த வாசம் எனக்குத் தெரிந்த வாசம். மாட்டுக்குத் தவிடும் பருத்திக்கொட்டையும் ஊறவைத்து, காலையில் தாழியைத் திறந்தால் வருமே, அது. மாட்டுத் தீனி வாசம் வருகிற இடத்தில் இத்தனை விளக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். மகள் எனக்கு இஞ்சி போட்ட குளிர்பானம் ஒன்று வாங்கினாள். கண்ணாடித் தம்ளரில் நுரையோடு வந்தது. மூக்கருகே கொண்டுபோய்விட்டு வைத்துவிட்டேன். பாட்டில் தண்ணீர்தான் கேட்டேன். மூடி உடைகிற சத்தத்தைக் காதால் கேட்ட பிறகே குடித்தேன். ஆனால் அங்கே தந்த உருளைக்கிழங்கு வறுவல் நன்றாக இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். மூலையில் எனக்கு ஒரு சோபா கிடைத்தது. அத்தனை கூட்டத்தில் ஒருவரும் கிழவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

சாப்பிட்டு முடிக்கும்போது அந்தக் கடைக்காரர் வந்தார். தாடி வைத்து, அரைக்கால் டவுசர் போட்டவர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"எந்த ஊரும்மா?"

"திருப்பூருங்க."

"அந்தப் பக்கம் தண்ணி எப்படிம்மா? நல்ல தண்ணியா, உப்பா?"

கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருடைய தோட்டம் நொய்யல் ஆற்றோரம் இருந்தது. முன்னொரு காலத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அங்கே வந்தார். மோர் கொடுத்தோம். குடித்துவிட்டு, தண்ணீர் எப்படி, நல்லதா உப்பா என்று இதே கேள்வியைத்தான் கேட்டார். நாங்களும் பெருமையாகச் சொன்னோம். அடுத்த தோட்டத்தை வாங்கிச் சாயப்பட்டறை போட்டார். கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும் என்றார். பிறகு எங்கள் கிணற்றில் ஒருநாள் நீலம், ஒருநாள் சிவப்பு. இளநீர் கரித்தது. மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தோட்டத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு நெருப்பெரிச்சலுக்கு வந்தோம்.

இப்போது எனக்கு மிச்சமிருப்பது பொங்கலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும். என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி எனக்கு எழுதிவைத்தது. குத்தகைக்காரர் சின்ன வெங்காயம் போடுகிறார். வெங்காயத்தோடு ஒரு கேன் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்தனுப்புவார். நான் குடிப்பது அதைத்தான். அந்தக் கிணறும் போய்விட்டால் எனக்கென்று வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த தீபாவளிக்கும் அங்கேதான் போனோம். அதே மூலை, அதே வறுவல். இந்தத் தடவை கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"பொங்கலூர்க் கிணறு எத்தனை அடிம்மா? கோடையில வத்துமா?"

பொங்கலூர் என்று நான் வாய் திறந்ததே இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கம்மா, மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டா சொன்னா என்னங்க? மூஞ்சிய ஏன் அப்படி வெச்சுக்கறீங்க?"

"பீரு காய்ச்சறவருக்கு என் கெணறு என்னத்துக்கு, கண்ணு?"

"சும்மா பேச்சுக்குங்கம்மா. உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்."

சும்மா பேச்சுக்கு அடிக்கணக்குக் கேட்பார்களா? ஊருக்கு வந்த பிறகும் அது முள்ளாகவே இருந்தது. பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நண்பர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் குத்தகைக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"மாப்ளை வந்துட்டுப் போனாருங்க. ரெண்டு பாட்டல்ல தண்ணி மொண்டுட்டுப் போனாரு. குடிக்கறதுக்குங்களான்னு கேட்டேன். இல்ல, டெஸ்ட்டுக்குன்னாருங்க."

நான் மாப்பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டேன், ரசம் ஊற்றினேன், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே நின்று கேட்கிற துணிச்சல் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. வாடகைக்கு இருக்கிற பிள்ளைகளிடம் குழாயைச் சரியாக மூடச் சொல்வதற்கே பல நாள் யோசிப்பேன்.

மூன்றாவது தீபாவளிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். போகாவிட்டால் எனக்குத் தெரியாமலே பேசி முடித்துவிடுவார்கள் என்று பட்டது. போனேன். மூலை சோபாவில் உட்கார்ந்தேன். வறுவல் வந்தது, கை வைக்கவில்லை. கடைக்காரர் வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்தால் வார்த்தை வராது.

"ஏனுங்க, இங்க கழிவுத் தண்ணிய எங்கீங்க உடறீங்க?"

மாப்பிள்ளை தம்ளரைக் கீழே வைத்தார். மகள், "அம்மா, உக்காருங்க" என்று புடவையைப் பிடித்து இழுத்தாள். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாங்கம்மா, காட்டறேன்" என்று பின்பக்கம் கூட்டிப்போனார்.

கொப்பரைகளுக்குப் பின்னால் நீல டிரம்களில் வெந்த தானியம் கிடந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. மாட்டுக்காரர்கள் வந்து எடுத்துப்போவார்கள் என்றார். ஒரு கை அள்ளிப் பார்த்தேன். நல்ல தீனிதான், குறை சொல்ல முடியாது. பக்கத்தில் கொப்பரை கழுவிய தண்ணீர் காவாயில் ஓடி, தரைக்குள் ஒரு தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"இதுங்க?"

"லாரி வந்து எடுத்துட்டுப் போயிடும்மா."

"எங்க கொண்டுபோயி ஊத்துவாங்க?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

பொய் சொல்லவில்லை அந்த மனிதர். அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் லாரி என்ற வார்த்தையை நான் முன்பே ஒருவர் வாயால் கேட்டிருக்கிறேன். பின்னாலேயே வந்து நின்ற மாப்பிள்ளையின் காதிலும் அந்தப் பதில் விழுந்தது.

அங்கேயே நின்றபடி கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பீர் இல்லையாம். இஞ்சி சோடா போடுகிற கம்பெனியாம். எங்கள் பக்கத்தில் இடம் பார்த்து அவரும் மாப்பிள்ளையும் கூட்டாகத் தொடங்குவதாகப் பேச்சு. என் கிணற்றுத் தண்ணீர் டெஸ்ட்டில் நன்றாக வந்திருக்கிறது. "நீங்க சம்மதிச்சாச்சுன்னு உங்க மருமகன் சொன்னாரேம்மா" என்றார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "கம்பெனியில எந்நேரமும் ஆளுகளைத் தூக்கறாங்க அத்தை. நாளைக்கு எனக்கும் ஒண்ணு வேணுமில்லீங்களா? எப்படியும் உங்களுக்கப்புறம் அவளுக்குத்தானுங்களே."

"அப்புறம்னா அப்புறம் பாத்துக்குங்க மாப்ளை. நான் இன்னும் இருக்கறேன்."

இது என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே ஆச்சரியம். கடைக்காரரிடமும் சொன்னேன்: "நீங்க நம்மூட்டுக்கு வாங்க. சொம்புல எத்தனை வேணும்னாலும் மொண்டு தாரேனுங்க. குழாய் போட உடமாட்டேன்."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேலை போய்விடும் என்கிற பயம் எனக்குத் தெரிந்த பயம்தான், ஆர்டர் இல்லாத மாதங்களில் எங்கள் தெருவே அப்படித்தான் இருக்கும். அதற்கு என் கிணறுதான் கிடைத்ததா என்பதுதான் வருத்தம்.

போன தீபாவளிக்கு என்னை அங்கே கூட்டிப்போகவில்லை. வேறெங்கோ இட்லி தோசை ஓட்டலுக்குப் போனோம். மறுநாளும் அந்தக் கடைப் பேச்சைக் காணோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் இல்லாமல் அங்கே என்ன பேசுகிறார்கள்? மூன்றாம் நாள் நானே மகளிடம் கேட்டேன்.

"அந்தக் கொப்பரைக் கடைக்குப் போலாமா, கண்ணு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வறுவலுக்கா, வேவு பாக்கறதுக்காங்கம்மா?"

"ரெண்டுக்குந்தான்."

அதைக் கேட்டு மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் என் எதிரில் சிரித்தார்.

என் மூலை சோபா காலியாக இருந்தது. கடைக்காரர் இஞ்சி பானத்தைத் தாமே கொண்டுவந்து வைத்தார். கிணற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எந்தத் தண்ணிங்க?" என்று நான்தான் கேட்டேன். டேங்கரில் வந்ததைச் சுத்தம் செய்தது என்றார். டேங்கர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வாய் வந்தது, மகள் முழங்கையால் இடித்தாள். ஒரு வாய் குடித்தேன். காரமாக, நன்றாகவே இருந்தது. இரண்டாவது வாய் குடிக்கவில்லை.

அப்போது மாப்பிள்ளை சொன்னார், சோடாக் கம்பெனிக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு தோட்டம் விலை படிந்திருக்கிறதாம். கிணறு இருக்கிறதாம், தண்ணீர் நன்றாக இருக்கிறதாம். அதுவும் ஒரு வயசான அம்மாவுடையதாம். ரொம்ப நல்ல மாதிரி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார் என்றார்.

அன்றைக்கு எனக்கு வறுவல் இறங்கவில்லை. அந்த அம்மாளின் ஊரை மகளிடம் கேட்டேன், தெரியாது என்றாள். தெரியாதா, சொல்லக்கூடாதா என்று எனக்கு விளங்கவில்லை. ஊருக்கு வந்ததும் குத்தகைக்காரருக்குப் போன் போட்டு, யார் வந்து பாட்டிலை நீட்டினாலும் முதலில் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் அதே சட்டம்தான்.

ஒரு தம்ளர் பீருக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் செலவாகும் என்று கடைக்காரர் பின்பக்கம் காட்டிய அன்றைக்கே சொன்னார், நான் மறந்துவிட்டேன். சோடாவுக்கு எவ்வளவு என்று கேட்க விட்டுப்போயிற்று. பெங்களூரில் இருக்கிற யாராவது இதை வாசித்தால் அதைச் சரியாக விசாரித்துச் சொல்ல வேண்டும். நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்தவும் வேண்டும். முடிந்தால் அந்த லாரியின் பின்னாலேயே ஒருநாள் போய், அது எங்கே ஊற்றுகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.