ஏகாம்பரம் கோத்த அட்டைகள்

செவ்வாய்க்கிழமை காலை ஏகாம்பரத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டார் மாமா" என்றாள். காஞ்சிபுரம் கல்லூரியில் என்னோடு கணிதம் கற்பித்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல எனக்கு இத்தனை காலம் துணிவு வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் இருவருக்கும் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. சனிக்கிழமைதோறும் சென்னையில் ஒரு கணினி மையத்தில் வகுப்பு. நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாகப் பதித்து இயந்திரத்தில் செலுத்துவோம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதைப் படித்துப் பிழைகளை அச்சடித்துத் தள்ளும். அந்தத் தாளைப் பார்த்தாலே நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவருக்குச் சிரிப்பு வரும். "இது தப்ப மட்டுந்தாம்பா சொல்லுது. நம்ம பிரின்சிபால் மாதிரி பரம்பரைய இழுக்கறதில்ல" என்பார்.

கடைசி சனிக்கிழமை நிரலைப் பிழையின்றி ஓட்டிக் காட்டுபவர்களுக்கு அங்கேயே வேலை என்றார்கள். ஆளுக்கு ஒரு முறைதான். முந்தைய வாரம் ஸ்ரீபெரும்புதூரில் பேருந்து குலுங்கியதில் அட்டைகளைக் கொட்டி, வரிசை தெரியாமல் விழித்தவன் நான். அதனால் என் அட்டைகளை ஏகாம்பரம் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் வீட்டில் ஜக்கார்டு தறி. புடவைக் கரையின் பூவேலையைத் தறிக்குச் சொல்லும் துளை அட்டைகள் கலையாமலிருக்க, ஓரத்தில் துளையிட்டுக் கோத்து வைப்பது அங்கே வழக்கம். என் அட்டைகளையும் அப்படியே நூலில் கோத்துவிட்டார். மையத்துக்குப் போனதும் நூலை அறுத்துப் பெருமையோடு நீட்டினார்.

இயந்திரத்துக்குத் துளை என்றால் துளைதான். அவர் குத்தியதையும் எழுத்தாகப் படித்து, வரிக்கு வரி பிழை என்றது கம்பைலர். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் என் நிரல் எழுதிய தாளை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்து அத்தனை அட்டைகளையும் புதிதாகப் பதித்தார். பொறுப்பாளரிடம் போய் ஏதோ சொன்னார். என் பெயரை மறுபடி கூப்பிட்டார்கள். நிரல் ஓடியது, வேலையும் கிடைத்தது.

திரும்பும் பேருந்தில்தான் கேட்டேன், உன்னுடையது என்னவாயிற்று என்று.

"என் முறையத்தான் உனக்குக் குடுத்துட்டேனேபா. தப்பு என்னுதுதானே" என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்று அதை நினைத்தால் கூசுகிறது.

அவர் கல்லூரியிலேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். கம்பைலரைப் பற்றிய பேச்சு வந்தால் ஆசையாகக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

காரியத்தன்று மகள் கேட்டாள்: "அப்பா ஒரு ப்ரோக்ராம் எழுதினாராமே மாமா, ஓடிச்சா?"

"அத ஓட விடாதவன் நான்தாம்மா" என்றேன்.

அவர் நினைவாக என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. நான் பார்த்த உத்தியோகம் முழுவதும் அவருடையது. அதைத்தான் வைத்திருக்கிறேன்.