இரண்டு கர்ப்பிணிகள் இருந்த வீடு

கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் நாச்சிமுத்துவின் மகள் போன் செய்தபோது நான் குன்னூர் மார்க்கெட்டில் கேரட் வாங்கிக்கொண்டிருந்தேன். "அப்பா போயிட்டாருங்க மாமா, தூக்கத்துலயே" என்றாள். கேரட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எண்பதைத் தாண்டியவர்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

குந்தா பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மனிதர் மகா முன்கோபி. நான் கம்பவுண்டர். ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துவரக் கொஞ்சம் பிந்தினாலும், "ஏனுங்க, அதுலயே சாம்பாரும் வெச்சுட்டு வாறீங்களா?" என்பார். ஆடு மாடுகளை மட்டும் அதட்ட மாட்டார். மூக்கோடு மூக்கு வைத்து அவற்றின் மூச்சை முகர்ந்து பார்ப்பார். எனக்குக் குமட்டும்.

சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய காலம் அது. அவர்களில் ஒருவரான மாரியாயி என்ற அம்மாள், தன் சினை ஆடு தீனி எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை என்று ஒரு காலையில் ஓடி வந்தார். அவர்கள் இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனோம். கப்பலேறி வந்த பிறகு அந்தக் குடும்பம் தனக்கென்று வளர்த்த முதல் ஆடு. நன்றாகக் கொழுத்திருந்தது. இத்தனை சதை இருக்கிற ஆட்டுக்கு என்ன கேடு என்றுதான் நான் நினைத்தேன்.

டாக்டர் மூச்சை முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். கனிந்த பழத்தின் வாசனை. வயிற்றைத் தடவி, "ரெண்டு குட்டிங்க" என்றவர், "தீனியக் கொறச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்கையா. கடைசி மாசம் வயித்தக் காயப்போட்டாத்தானே குட்டி சின்னதா, சுளுவா வரும்? சிலோன்ல எங்க தோட்டத்துல பொம்பளைங்களுக்கும் அப்பிடித்தான்" என்றார் மாரியாயி.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "சினையோட தொடக்கத்துல ஒடம்பு கொழுப்பச் சேத்து வெக்குமுங்க. கடைசியில குட்டிக வேகமா வளருறப்ப தாயோட சத்தையெல்லாம் இழுத்துக்கும். அப்பத் தீனியும் இல்லீன்னா, சேத்து வெச்ச கொழுப்பத் தாறுமாறாக் கரைக்குமுங்க. அத்தனையும் ஈரல் தாங்காது. இந்த வாசம் அதுனாலதானுங்க."

மாலை வரை வெல்லத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிப் பார்த்தோம். ஆடு பிழைக்கவில்லை. குட்டிகளும் போய்விட்டன. மாரியாயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகையைக் கேட்டு உள்ளேயிருந்து அவருடைய மருமகள் லெச்சுமி வந்தாள். நிறைமாதம். கன்னம் ஒட்டிக் கிடந்தது. நிற்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் லயமே அதிரக் கத்தப்போகிறார் என்று பயந்தேன். அவரோ மாரியாயியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, இதை என்னால காப்பாத்த முடியலீங்க. அந்தப் புள்ளைய நீங்கதான் காப்பாத்தோணும். நான் மாட்டு டாக்டரு, அவளுக்கு வைத்தியஞ் சொல்லக்கூடாது. நாளைக்கே பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பச் சோறு போடுங்க."

"வயித்துப் புள்ள பெருசாயிட்டா, ஐயா?"

"பெருசா வந்தா அவுங்க பாத்துக்குவாங்க. தாய் இருக்கோணுமல்லங்க?"

மாரியாயி ஆட்டின் கழுத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு மருமகளை உள்ளே கூட்டிப்போனார். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்று டாக்டர் வெளியே இருந்தபடியே குரல் கொடுத்தார். அவள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

லெச்சுமிக்கு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பெண் பிறந்தது. செய்தி சொல்ல வந்த மாரியாயியிடம், "தாய்க்காரி சாப்பிடறாளா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும், அங்கே வாயும் வயிறுமாக ஒருத்தி இருந்தால், அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் கிளம்ப மாட்டேன். என் மருமகள்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.