யோகன் ஓடப் போன காலைகள்

யோகனின் தங்கை காலையில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணன் போயிட்டார்" என்றாள். நான் பழக்கதோஷத்தில், "எங்க புள்ள போனவன்?" என்று கேட்டுவிட்டேன். அவள் விம்மிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மாரடைப்பாம்.

செத்த வீட்டில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "அந்த ஓட்டம் ஓடின மனிசனுக்கா நெஞ்சு நிண்டது?" என்றார் ஒருவர். "ஓடி ஓடித்தான் நிண்டிரிக்கும்" என்றார் மற்றவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடிவைக்க அவசியமில்லை. யாருக்காக மூடியிருந்தேனோ அந்த யோகனின் அம்மாவும் இல்லை, மகனும் இல்லை. நினைவு மலருக்கு எழுதக் கேட்டவர்கள் 'அவர்' என்று எழுதச் சொன்னார்கள். இத்தனை வருடம் 'வாடா போடா' என்றவனை எப்படி 'அவர்' என்பது? மன்னித்துக்கொள்ளுங்கள், அவன் எனக்கு அவன்தான்.

சண்டைக் காலத்தில் நாங்கள் இருவரும் செட்டிபாளையத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தோம். சீனி சுற்ற வைத்திருந்த பழைய பத்திரிகையில் ஒருநாள் அவன் அந்தச் செய்தியைக் கண்டான். கொழும்பில் ஒரு பந்தயம். முதலில் நீந்த வேண்டும், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம், மூன்றும் இடைவிடாமல். "மச்சான், நீந்தி, சைக்கிள் ஓடி, மறுகா ஓடோணுமாம்!" என்று துள்ளினான். "நம்மட சனம் வருசா வருசம் அதத்தானே செய்யிது. வாவியக் கடந்து, சைக்கிளில சாமானக் கட்டி, மறுகா ஓடி. ஆருக்காவது மெடல் குடுத்தானா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஆரும் துரத்தாமல் ஓடிப் பார்க்க வேண்டும் என்றான்.

அன்றிலிருந்து தொடங்கிற்று. லீவு நாட்களில் ஊரடங்கு எடுத்ததும் போனால் வெயில் சாயத்தான் வருவான். வாவியின் நடுவே போக முடியாது, காவலரணில் இருப்பவன் சுடுவான். ஆகவே கரையோரமாகவே போவதும் திரும்புவதுமாக நீந்துவான். மீன்பிடிகாரர், "வலையக் குழப்பாத மனே" என்று ஏசுவார்கள். சைக்கிள் கரியரில் அரிசிச் சாக்கைக் கட்டிக்கொண்டு கல்முனை வீதியில் மிதிப்பான். சோதனைச் சாவடி வந்தால் இறங்கி உருட்ட வேண்டும், அடுத்ததிலும் இறங்க வேண்டும். இப்படியே போனால் எப்படியடா வேகம் வரும் என்று கேட்டேன். "களைப்போட கதைக்கப்படாது மச்சான், அது கதைக்கக் கதைக்க வளரும்" என்றான். பிறகு கடற்கரை மணலில் ஓடுவான். வீட்டில் அம்மா பழஞ்சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்து வைத்துக் காத்திருப்பா.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் 'ட்ரெயினிங்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இயக்கத்துக்குப் போய் ஆயுதப் பயிற்சி எடுப்பது. சின்னப்பிள்ளைகள்கூட அந்தச் சொல்லை வெளியே சொல்லமாட்டார்கள். யோகன் வீட்டுக்குள்ளே மட்டும் ஆசைக்குச் சொல்லிவந்தான். அம்மாவுக்கு அது மகனுடைய பெருமைச் சொல்லாகிவிட்டது.

ஒரு சுற்றிவளைப்பில் படையினர் வீட்டுக்கு வந்தார்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளன், "மகன் எங்க?" என்று கேட்டிருக்கிறான். மகனை மதிக்கட்டும் என்று நினைத்து அம்மா சொன்னா: "ட்ரெயினிங் போயிரிக்கான் மனே. கனகாலமா எடுக்கான். முடிஞ்ச உடனே கொழும்புக்குப் போவான்."

கொழும்பு என்ற சொல்லோடு எல்லாம் முடிந்தது. கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓடிய வியர்வை காயாமல் சைக்கிளில் வந்து இறங்கியவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா ஜீப்புக்குப் பின்னால் ஓடினா. "ஐயோ, அது ஓட்டப் பந்தயம் ஐயா!" என்று அவ கத்தியதை ஊரே கேட்டது. யாரும் நிறுத்தவில்லை.

மாதக்கணக்கில் முகாம் வாசலில் வெயிலில் நின்றா. ஒருவழியாக அவனை விட்டார்கள். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. முழங்கால் மடக்கினால் நிமிராது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நடப்பதே பெரிய காரியம் என்று சொல்லிவிட்டார்கள். அதை என்னிடம் மட்டும் சொன்னான். அம்மாவிடம், "சுளுக்குத்தான், மாறிரும்" என்றான்.

பிறகு பார்த்தால் ஒவ்வொரு லீவு நாளும் வாசலில் நின்று, "அம்மா, ஓடப் போறன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்புகிறான். எனக்கு அதிசயம். மனித உடம்பு இப்படியும் தேறுமா என்று நினைத்தேன்.

மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போன ஒருநாள்தான் கண்டேன். இழுத்துப் போட்ட ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் பக்கத்தில் கிடந்தது. நிழல் விலகியும் அவன் எழும்பவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். வீடு திரும்பும் நேரமானதும் நொண்டி நொண்டிப் போய்த் தண்ணீரில் இறங்கித் தலையை நனைத்தான், சட்டையை நனைத்தான். காலில் கொஞ்சம் மணலையும் அப்பிக்கொண்டான்.

"என்னடா இது?" என்றேன்.

"அம்மாக்குச் சொல்லிராத மச்சான். என்னால ஓடேலாது எண்டு தெரிஞ்சா, தன்ட வாயாலதான் போச்சு எண்டு மனிசி தன்னையே திண்டிரும்."

"எவ்வளவு நாளைக்கடா இப்பிடி?"

"அவ இருக்கும் வரைக்கும்."

நீந்தவும் மிதிக்கவும் பழகிய உடம்பு வெயிலில் சும்மா இருக்கப் பழகிக்கொண்டது. அதற்குத்தான் அவனுக்கு அதிகம் மூச்சு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். பந்தயம் வருடத்துக்கு வருடம் நடந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. "இந்த வருசமும் பாதை பூட்டு அம்மா, மறுகா பாப்பம்" என்பான். பாதை உண்மையிலேயே பூட்டித்தான் கிடந்தது, அந்த அளவுக்காவது சண்டை அவனுக்கு உதவியது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். என் கையைப் பிடித்து, "என்ட மகன் ஒருநாளைக்குப் போவான், நீயும் கூடப் போ மனே" என்றா. "ஓம் மாமி" என்றேன். யோகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து வந்த லீவு நாளன்று நான் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது, அவன் உள்ளே பாயில் படுத்திருந்தான். "ஓடப் போகல்லியா?" என்று நான் கேட்டது வேடிக்கைக்குத்தான். "ஆருக்கு மச்சான்?" என்றான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு சண்டை முடிந்தது, பாதை திறந்தது, அவன் எங்கும் போகவில்லை.

அவனிடமிருந்து நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது அவனிடமே இருக்கவில்லை. நொண்டிக் காலோடு வாசலில் நின்று, உள்ளே இருப்பவளுக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவானே, "அம்மா, ஓடப் போறன்!" என்று, அந்தக் குரல்தான் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. வைத்திருக்கிறேன்.